கிளட்ச் இரைச்சல்

கிளட்ச் இரைச்சல் என்பது, கையால் கியர் மாற்றி ஓட்டப்படும் தானுந்துகளில், கிளட்ச் தொகுதியிலிருந்தோ அதனை ஒட்டியுள்ள கியர்ப்பெட்டி உறுப்புகளிலிருந்தோ எழும் வழக்கத்துக்கு மாறான ஒலிகளைக் குறிக்கும். கீச்சொலி, உறுமல், சலசலப்பு, அரைபடும் ஒலி எனப் பல வடிவங்களில் இது கேட்கிறது. இவ்வொலிகளுக்குக் காரணமான உறுப்புகள், பொறிக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையே உள்ள மூடிய கூட்டினுள் அமைந்துள்ளன. பெரும்பாலான வண்டிகளில் கியர்ப்பெட்டியைக் கழற்றி இறக்காமல் அவற்றைக் கண்ணால் காண இயலாது. ஆகவே பழுதுள்ள உறுப்பு எது என்பதைக் கழற்றுவதற்கு முன்பே ஒலியைக் கொண்டு கணிப்பது தேவையாகிறது.

இக்கணிப்பில் ஒலி எவ்வாறு கேட்கிறது என்பதைக் காட்டிலும், கிளட்ச் மிதியின் எந்த நிலையில் தோன்றுகிறது, எந்த நிலையில் மறைகிறது என்பதே நம்பத்தக்க சான்றாகும். மிதியின் ஒவ்வொரு நிலையிலும் சில உறுப்புகள் சுழல்கின்றன, சில நிற்கின்றன, சிலவற்றின் மேல் பளு ஏறுகிறது. சுழலாத பேரிங்கு ஒலி எழுப்பாது. இந்த எளிய விதியே கீழே விளக்கப்படும் சோதனைகள் அனைத்துக்கும் அடிப்படை.

அமைப்பு

தமிழில் உரசிணைப்பி என்றும் வழங்கப்படும் கிளட்ச், பொறியின் சுழற்சியைக் கியர்ப்பெட்டியுடன் இணைக்கவும் பிரிக்கவும் பயன்படுகிறது. இன்றைய தானுந்துகளில் பெரும்பாலும் காணப்படுவது உலர்வகை ஒற்றைத்தட்டுக் கிளட்ச் ஆகும். இதன் முதன்மை உறுப்புகள் பின்வருமாறு:

* பிளைவீல்: பொறியின் கிராங்க் தண்டின் முனையில் பொருத்தப்பட்ட கனமான சக்கரம். பொறி ஓடும்போதெல்லாம் சுழலும்.
* கிளட்ச் தட்டு: இருபுறமும் உராய்வுப் பூச்சு கொண்ட வட்டத் தட்டு. இதன் நடுப்பகுதி கியர்ப்பெட்டியின் உள்ளீட்டுத் தண்டின் பல்வரிகளில் பொருந்தியிருக்கும். பொறியின் அதிர்வைத் தணிக்க இதில் சிறு சுருள்வில்கள் அமைக்கப்பட்டிருக்கும்.
* அழுத்தத் தட்டு: தொழிற்கூடங்களில் பிரஷர் பிளேட் எனப்படுவது. கிளட்ச் தட்டைப் பிளைவீலோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும். இதற்கு வேண்டிய விசையை விரல்கள் போன்ற பிளவுகளைக் கொண்ட டயாபிரம் வில் தருகிறது.
* ரிலீஸ் பேரிங்: மிதியை அழுத்தும்போது முன்னோக்கி நகர்ந்து, சுழன்றுகொண்டிருக்கும் டயாபிரம் வில்லின் விரல்களை அழுத்தும் பேரிங்.
* கவை: கம்பி வடத்தின் அல்லது நீரியல் உருளையின் இழுவையை ரிலீஸ் பேரிங்குக்குக் கடத்தும் நெம்புகோல். சில வண்டிகளில் கவைக்குப் பதிலாக, உள்ளீட்டுத் தண்டைச் சுற்றி அமைந்த வளைய வடிவ நீரியல் உருளை உள்ளது.
* உள்ளீட்டுத் தண்டு பேரிங்: கியர்ப்பெட்டிக் கூட்டில் உள்ளீட்டுத் தண்டைத் தாங்குவது.
* பைலட் பேரிங்: உள்ளீட்டுத் தண்டின் முன்முனையைக் கிராங்க் தண்டின் நடுவில் தாங்குவது. பொறி நீளவாக்கில் அமைந்த பின்சக்கர இயக்க வண்டிகளில் பெரும்பாலும் இருக்கும். பொறி குறுக்காக அமைந்த முன்சக்கர இயக்கச் சிறு வண்டிகள் பலவற்றில் இது இல்லை.

மிதியின் நிலையும் உறுப்புகளின் இயக்கமும்

பொறி ஓடிக்கொண்டிருக்க, வண்டி நின்ற நிலையில், பின்வரும் நான்கு நிலைகள் ஏற்படுகின்றன.

1. நியூட்ரல், மிதி முழுமையாக மேலே: பிளைவீல், அழுத்தத் தட்டு, கிளட்ச் தட்டு, உள்ளீட்டுத் தண்டு ஆகியவை ஒன்றாகச் சுழல்கின்றன. உள்ளீட்டுத் தண்டோடு பிணைந்த கியர்ச் சக்கரங்களும் சுழல்கின்றன. கிராங்க் தண்டும் உள்ளீட்டுத் தண்டும் ஒரே வேகத்தில் சுழல்வதால், பைலட் பேரிங்கினுள் சார்பு இயக்கம் இல்லை. மிதியில் தளர்வு வைக்கப்படும் பழைய அமைப்புகளில் ரிலீஸ் பேரிங் விரல்களைத் தொடாமல் நிற்கும். பிந்தைய அமைப்புகள் பலவற்றில் அது விரல்களை எப்போதும் இலேசாகத் தொட்டபடி சுழலும்.

2. நியூட்ரல், மிதியில் தடை உணரப்படும் அளவுக்கு மட்டும் இலேசான அழுத்தம்: ரிலீஸ் பேரிங்கின் மேல் பளு ஏறுகிறது. கிளட்ச் இன்னும் பிரியாததால் உள்ளீட்டுத் தண்டு தொடர்ந்து சுழல்கிறது.

3. நியூட்ரல், மிதி முழுமையாகக் கீழே: ரிலீஸ் பேரிங் முழுப் பளுவுடன் சுழல்கிறது. கிளட்ச் தட்டு பிரிந்துவிடுவதால், உள்ளீட்டுத் தண்டு கியர் எண்ணெயின் இழுவையால் சில நொடிகளில் வேகம் குறைந்து நிற்கும் நிலைக்கு வருகிறது.

4. மிதி கீழே, முதல் கியர் இடப்பட்ட நிலை: நின்றுள்ள சக்கரங்களோடு இணைக்கப்படுவதால் உள்ளீட்டுத் தண்டு முற்றிலும் நிற்கிறது. கிராங்க் தண்டு மட்டும் சுழல்வதால் பைலட் பேரிங் இப்போது முழு வேகத்தில் இயங்குகிறது.

சோதனை முறை

சோதனையைச் சமதளமான, காற்றோட்டமுள்ள இடத்தில் செய்தல் வேண்டும். மூடிய கொட்டகையில் பொறியை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிருக்குத் தீங்கு விளைவிக்கும். கைத்தடை இடப்பட்டு, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்கப்பட வேண்டும். பழுதான கிளட்ச் எதிர்பாராமல் இணைந்துகொள்ளக்கூடும் என்பதால், வண்டியின் முன்னும் பின்னும் எவரும் நிற்கலாகாது.

முதற்படி: பொறியை நிறுத்திவிட்டு மிதியைப் பலமுறை அழுத்தி விடவும். இப்போது கேட்கும் கிறீச்சொலி சுழலும் பேரிங்கிலிருந்து வந்திருக்க முடியாது. மிதியின் அச்சு, கம்பி வடம், கவையின் தாங்குமுனை, ரிலீஸ் பேரிங் வழுக்கிச் செல்லும் குழாய் ஆகியவற்றில் ஒன்று உலர்ந்தோ தேய்ந்தோ இருக்கலாம். மிதியின் அச்சும் வடமும் கியர்ப்பெட்டியைக் கழற்றாமலே சரிசெய்யக்கூடியவை.

இரண்டாம் படி: பொறியை இயக்கி, நியூட்ரலில் மிதியைத் தொடாமல் கேட்கவும்.

மூன்றாம் படி: தடை உணரப்படும் வரை மட்டும் மிதியை இலேசாக அழுத்தி, அங்கேயே நிறுத்திக் கேட்கவும். அவசரத்தில் பலரும் விட்டுவிடும் படி இதுவே.

நான்காம் படி: மிதியை முழுமையாக அழுத்திச் சில நொடிகள் காத்திருக்கவும். ஒலி உடனே மாறுகிறதா, மெல்லத் தேய்ந்து மறைகிறதா என்பதைக் கவனிக்கவும்.

ஐந்தாம் படி: கால்தடையையும் அழுத்தியபடி முதல் கியரை இட்டு, கிளட்ச் மிதியைக் கீழேயே வைத்துக் கேட்கவும்.

ஆறாம் படி: நியூட்ரலுக்குத் திரும்பி மிதியை விடவும். பின்னர் மீண்டும் முழுமையாக அழுத்தி, ஐந்து நொடிகள் காத்திருந்து, பின்னோட்டக் கியரை இடவும்.

முடிவுகளும் காரணங்களும்

மிதியை இலேசாகத் தொட்டவுடன் தோன்றி, மேலும் அழுத்த வலுக்கும் உறுமல் அல்லது கீச்சொலி, ரிலீஸ் பேரிங்கின் தேய்வைக் காட்டுகிறது. உள்ளீட்டுத் தண்டு சுழன்றுகொண்டிருக்கும்போதே இது தொடங்குவதால், பைலட் பேரிங்கைக் காரணமாகக் கொள்ள முடியாது.

மிதியை முழுமையாக அழுத்திய பின் உள்ளீட்டுத் தண்டு வேகம் குறையும்போது தோன்றி, கியர் இடப்பட்ட நிலையில் தெளிவாகும் ஒலி பைலட் பேரிங்கைச் சுட்டுகிறது. அந்தப் பேரிங்கே இல்லாத வண்டியில் இம்முடிவு பொருந்தாது.

மிதி மேலே உள்ளபோது கேட்டு, அழுத்தியதும் மறையும் ஒலிக்கு இரண்டு வேறுபட்ட காரணங்கள் இருக்கலாம். தவறான கணிப்பு இங்குதான் எளிதில் நிகழ்கிறது. எடுத்துக்காட்டாக, ஒரே வகை உறுமலைத் தரும் இரண்டு வண்டிகளைக் கொள்ளலாம். முதல் வண்டியில் மிதியின் மேல் காலை வைத்த மாத்திரத்தில், உள்ளீட்டுத் தண்டு இன்னும் சுழலும்போதே ஒலி நின்றுவிடுகிறது. விரல்களை இலேசாகத் தொட்டுக்கொண்டிருந்த ரிலீஸ் பேரிங் போதிய பளுவின்றி நடுங்கியோ வழுக்கியோ ஒலித்திருக்கிறது. பளு ஏறியதும் நிலைபெற்றது. இரண்டாம் வண்டியில் இலேசான அழுத்தத்துக்கு எந்த மாற்றமும் இல்லை. மிதி முழுமையாகக் கீழே சென்ற பின், உள்ளீட்டுத் தண்டின் வேகத்தோடு ஒலியும் தாழ்ந்து சில நொடிகளில் ஓய்கிறது. இங்கே பழுது கியர்ப்பெட்டியினுள், பெரும்பாலும் உள்ளீட்டுத் தண்டு பேரிங்கில் உள்ளது. இரண்டாம் வண்டிக்கு முழுப் புதிய கிளட்ச் தொகுதி பொருத்தினாலும் ஒலி அப்படியே இருக்கும். கியர்ப்பெட்டி ஒருமுறை இறக்கப்பட்டு ஏற்றப்பட்ட செலவும் வீணாகும்.

இத்தகைய நிலையில் கியர்ப்பெட்டியைக் கழற்றுவதற்கு முன் அதன் எண்ணெய் அளவைச் சரிபார்ப்பது பயனுள்ளது. எண்ணெய் குறைந்திருந்தால் பேரிங்குகள் விரைவில் கெடும். வடித்த எண்ணெயில் உலோகச் செதில்கள் காணப்பட்டால் உள்ளுறுப்பு சிதைவது உறுதியாகும்.

கியர்ச் சலசலப்பு

நியூட்ரலில் பொறி மெதுவாக ஓடும்போது கேட்கும் மெல்லிய சலசலப்பு எப்போதும் பழுது அன்று. பிஸ்டன் பொறியின் சுழற்சி சீரானதன்று. ஒவ்வொரு எரிதலின்போதும் கிராங்க் தண்டு ஒரு தள்ளலைப் பெறுகிறது. நான்கு உருளைகள் கொண்ட நான்கடிப் பொறியில் ஒரு சுற்றுக்கு இரண்டு எரிதல்கள் நிகழ்கின்றன. நிமிடத்துக்கு 750 சுற்றுகளில் ஓடும்போது நொடிக்கு 25 தள்ளல்கள் ஏற்படும். இத்தள்ளல்களால் பளுவற்றுச் சுழலும் கியர்ச் சக்கரங்களின் பற்கள், தமக்கிடையே உள்ள சிறு இடைவெளியில் முன்னும் பின்னும் மோதி ஒலிக்கின்றன.

இதனைப் பேரிங்கின் ஒலியிலிருந்து பிரித்தறிய, பொறியின் வேகத்தைச் சற்றே உயர்த்திப் பார்க்கலாம். வேகம் கூடச் சுழற்சி சீராவதால் சலசலப்பு குறையும் அல்லது மறையும். பழுதான பேரிங்கின் ஒலி வேகத்தோடு சுருதி உயர்ந்து செல்லும். சலசலப்பு திடீரென அதிகரித்திருந்தால் கிளட்ச் தட்டின் சுருள்வில்கள் தளர்ந்திருக்கலாம்.

சில வண்டிகளில் இச்சலசலப்பைக் குறைக்க, இரு பகுதிகளாகப் பிரித்து இடையே வில்கள் வைக்கப்பட்ட இரட்டைநிறைப் பிளைவீல் பயன்படுத்தப்படுகிறது. செருமனியின் லூக் நிறுவனம் 1985-ஆம் ஆண்டில் இதனைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. இது தேய்ந்தால் பொறியை இயக்கும்போதும் நிறுத்தும்போதும் உலோகம் தட்டும் ஒலி கேட்கும்.

கியர் இடும்போது அரைபடும் ஒலி

முன்னோக்கிச் செல்லும் கியர்களில் சின்க்ரோமெஷ் என்னும் ஒத்திசைவு அமைப்பு, இணையவிருக்கும் உறுப்புகளின் வேகத்தைச் சமப்படுத்துகிறது. 1928-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் காடிலாக் தானுந்துகளில் இது அறிமுகமானது. அதற்கு முன் வேகங்களைச் சமப்படுத்துவது ஓட்டுநரின் திறமையைப் பொறுத்தே இருந்தது. பின்னோட்டக் கியருக்கு இவ்வமைப்பு இல்லாத வண்டிகள் பல உள்ளன. ஆதலால் மிதியை அழுத்தியவுடன் பின்னோட்டக் கியரை இட்டால், இன்னும் சுழலும் உள்ளீட்டுத் தண்டு காரணமாகப் பற்கள் உரசும். இது இயல்பானதே.

ஐந்து நொடிகள் காத்திருந்த பின்னும் பற்கள் அரைபட்டால், உள்ளீட்டுத் தண்டு நிற்கவில்லை என்பது பொருள். அதாவது கிளட்ச் முழுமையாகப் பிரியவில்லை. கம்பி வடத்தின் தளர்வு, நீரியல் குழாயில் காற்று, நீர்மக் கசிவு, வளைந்த கிளட்ச் தட்டு, துருவேறிய பல்வரிகள் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். முதல் மூன்றையும் முதலில் சரிபார்க்க வேண்டும். வடத்தைச் சரியான அளவுக்கு இழுத்துவைப்பது சில நிமிட வேலை. அதனைச் செய்யாமல் ஓட்டினால் ஒவ்வொரு கியர் மாற்றமும் பற்களையும் ஒத்திசைவு வளையங்களையும் தேய்த்துக்கொண்டிருக்கும்.

ஒரே ஒரு கியரில் மட்டும் அரைபட்டு, ஏனைய கியர்களும் பின்னோட்டமும் எளிதில் விழுந்தால், அந்தக் கியரின் ஒத்திசைவு வளையமே ஐயத்துக்குரியது, கிளட்ச் அன்று.

புறப்படும்போது அதிர்வு

மிதியை மெல்ல விட்டு வண்டி நகரும்போது மட்டும் முழு வண்டியும் குலுங்குவது உண்டு. உராய்வுப் பூச்சில் எண்ணெய் படிதல், பிளைவீலில் வெப்பத்தால் உண்டான கருந்திட்டுகள், டயாபிரம் விரல்களின் ஏற்றத்தாழ்வு ஆகியன இதன் காரணங்கள். பொறியைச் சட்டத்தில் தாங்கும் ரப்பர்த் தாங்கிகள் கிழிந்திருந்தாலும் இதே குலுக்கல் ஏற்படும் என்பதால், வெளியிலிருந்தே பார்க்கக்கூடிய அவற்றை முதலில் சோதிப்பது முறை. பூச்சில் எண்ணெய் படிந்திருந்தால், கசிவுக்குக் காரணமான எண்ணெய் அடைப்பையும் மாற்ற வேண்டும். இல்லையெனில் புதிய தட்டும் விரைவில் பாழாகும்.

கிளட்சைப் போலத் தோன்றும் பிற ஒலிகள்

மிதியின் எந்த நிலையிலும் மாறாத ஒலி, மின்னாக்கி, நீரேற்றி, அவற்றை இயக்கும் வார்ப்பட்டை ஆகியவற்றிலிருந்து வரலாம். வண்டி ஓடும்போது மட்டும் கேட்டு, நியூட்ரலில் உருளவிட்டாலும் தொடரும் ஒலி பெரும்பாலும் சக்கர பேரிங்குகளையோ டயர்களையோ சார்ந்தது. மறுபுறம், மிதியை அழுத்தும்போது கிராங்க் தண்டு நீளவாக்கில் தள்ளப்படுகிறது. அத்தள்ளலைத் தாங்கும் பொறியின் உள்தாங்கி தேய்ந்திருந்தால், பொறியின் ஒலியே மிதியோடு சேர்ந்து மாறும். ஆகவே மிதியோடு மாறும் ஒலி எல்லாம் கிளட்சின் ஒலி என்று கொள்ளுதலும் தவறு.

எம்ஜி நிறுவனத்தின் எம்ஜிபி போன்ற பழைய பிரித்தானிய வண்டிகளில் குண்டு பேரிங்குக்குப் பதிலாகக் கரி வளையம் பயன்பட்டது. இதில் குண்டுகள் இல்லாததால் பேரிங்குக்குரிய உறுமல் எழாது. கரி முழுதும் தேய்ந்து உலோகம் உலோகத்தோடு உரசும்போதே கடும் ஒலி கேட்கும்.

பொருட்படுத்தாமையின் விளைவு

ரிலீஸ் பேரிங்கின் கீச்சொலியோடு வண்டி பல நாள் ஓடக்கூடும். ஆயினும் பேரிங் இறுகிவிட்டால் அது சுழலும் விரல்களை அரைத்துத் தேய்க்கும். நீரியல் உருளையோடு இணைந்த வகையில், உருளை சேதமுற்று நீர்மம் கசியவும் கூடும். இறுதியில் மிதியை அழுத்தினாலும் கிளட்ச் பிரியாத நிலை உருவாகும். நெரிசல் மிக்க சாலையில் இது விபத்துக்கு வழிகோலும். மாறாக, இயல்பான கியர்ச் சலசலப்புக்கு அஞ்சிக் கியர்ப்பெட்டியைப் பிரிப்பது தேவையற்ற செலவு. எது காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாது என்பதைப் பிரித்தறிவதே சோதனையின் பயன்.

பழுது நீக்கலும் பராமரிப்பும்

கிளட்சை அடையக் கியர்ப்பெட்டியை இறக்க வேண்டியிருப்பதால், கிளட்ச் தட்டு, அழுத்தத் தட்டு, ரிலீஸ் பேரிங் ஆகிய மூன்றையும் ஒருங்கே மாற்றுவது வழக்கம். அடைக்கப்பட்ட பேரிங்கை மண்ணெண்ணெய் அல்லது பெட்ரோலில் கழுவலாகாது. உள்ளிருக்கும் மசகுப்பசை கரைந்து அது விரைவில் கெடும். பழைய உராய்வுப் பூச்சுகளில் நுரையீரலுக்குத் தீங்கு தரும் கல்நார் கலந்திருக்கலாம். எனவே கூட்டினுள் உள்ள தூசியை வாயாலோ காற்றழுத்தத்தாலோ ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

ஓட்டும் பழக்கமும் பேரிங்கின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. போக்குவரத்து விளக்கில் கியரை இட்டு, மிதியை அழுத்தியபடி 60 நொடிகள் காத்திருந்தால், நிமிடத்துக்கு 750 சுற்றுகளில் ஓடும் பொறியில் ரிலீஸ் பேரிங் 750 முறை முழுப் பளுவுடன் சுழல்கிறது. நியூட்ரலுக்கு மாற்றிக் காலை எடுத்துவிட்டால் இப்பளு நீங்கும். ஓடும்போது மிதியின் மேல் காலை வைத்திருத்தல், ஏற்றத்தில் கைத்தடைக்குப் பதிலாகக் கிளட்சைக் கொண்டே வண்டியை நிறுத்திவைத்தல் ஆகியனவும் தவிர்க்கத்தக்கவை.

வரம்புகள்

இச்சோதனைகள் மிதி கொண்ட உலர்வகைக் கிளட்சுக்கே நேரடியாகப் பொருந்தும். 2014-ஆம் ஆண்டில் இந்தியாவில் வெளிவந்த மாருதி சுசூக்கி செலேரியோவின் தானியக்கக் கையியல் கியர்ப்பெட்டி போன்றவற்றில், கிளட்சைக் கருவியே இயக்குகிறது. உள்ளுறுப்புகள் ஒத்திருப்பினும், மிதி இல்லாததால் ஓட்டுநர் அதனை இடைநிலையில் நிறுத்திக் கேட்க இயலாது. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எண்ணெயில் நனைந்த பல்தட்டுக் கிளட்ச் உள்ளதால், அவற்றின் ஒலிகளுக்கான காரணங்களும் வேறுபடும்.